கண்ணாடி இறக்கைக்காரன்

ஆகஸ்ட் 4, 2024
பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே கூப்பிட்டார். "தம்பி, உண்ணிச்செடில ஒரு குட்டித் தேன்சிட்டு. உட்காரவே மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தால் நம்ம ஆள்தான். செபனோடஸ் ஹைலஸ், நல்ல வெயிலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி. பச்சை உடம்பு, வயிற்றில் கருஞ்சிவப்புப் பட்டை, கண்ணாடி இறக்கை. அந்தரத்தில் நின்றபடியே நாக்கை நீட்டித் தேன் குடித்தது. இவனைப் பார்த்த இடங்களைக் குறித்துவரும் என் சேலம் மாவட்ட வரைபடத்தில் 31வது புள்ளி.

ஆகஸ்ட் 9
31 புள்ளிகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏற்காடு மலைப்பாதையில், அதுவும் வண்டி நிறுத்த இடமுள்ள கொண்டை ஊசி வளைவுகளில். மிச்சம் டவுன் வீடுகளில். நடுவில் எல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது. பூச்சி ரோடு பார்த்தா பறக்கும்? ஆறு மாதமாக நான் டீ குடிக்க நின்ற இடங்களைத்தான் வரைந்திருக்கிறேன்.

இனி 5 கிலோமீட்டர் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு மணி நேரம். வராவிட்டால் 'காணவில்லை' என்றும் எழுத வேண்டும். அது இவ்வளவு நாள் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 11
நர்சரியில் கார்டேனியா தொட்டி வாங்கினேன். இலைக்கு அடியில் வாலில் கொம்போடு ஒரு பச்சைப் புழு! நம்ம ஆளின் புழு காப்பிக் குடும்பத்துச் செடி தின்பவன், கார்டேனியாவும் அதே குடும்பம். புழுவைப் பாட்டிலில் மண் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18
நான்கு புள்ளிகளை அழித்தேன். நண்பர்கள் அனுப்பிய புழுப் படங்கள், எல்லாம் நந்தியாவட்டையில் எடுத்தவை. முன்பக்கம் கண் மாதிரி நீலப் பொட்டு. அது அரளியும் நந்தியாவட்டையும் தின்கிற வேறு இனம், அந்தி சாய்ந்தால்தான் கிளம்பும். அவசரத்தில் நானே சேர்த்தது, யாரைச் சொல்ல.

மூன்று கட்டம் நடந்தேன். மூன்றிலும் 'காணவில்லை'. முட்டி வலி.

செப்டம்பர் 1
பாட்டிலில் வைத்த புழு பூச்சியாகி வெளியே வந்துவிட்டது. இறக்கை கண்ணாடியாக இல்லை, சாம்பல் பூசினாற்போல் மங்கல். குச்சியைப் பிடித்துக்கொண்டு உடம்பு நடுங்க இறக்கையை அடிக்க ஆரம்பித்தது. செதில்கள் மாவு மாதிரி உதிர்ந்து பாட்டில் சுவரில் ஒட்டின. அப்புறம்தான் அந்தப் பக்கத்து ஜன்னல் கம்பி இறக்கை வழியாகத் தெரிந்தது.

மூடியைத் திறந்ததும் போய்விட்டது. புள்ளி வைக்கவில்லை. அந்தத் தொட்டி ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்ததாம், நர்சரி அண்ணன் சொன்னார். டவுன் புள்ளிகளில் இன்னும் எத்தனை லாரியில் வந்தவையோ. நாளை வீடு வீடாகச் செடி வாங்கிய இடத்தைக் கேட்க வேண்டும்.