உவரிக் கரையில் 200 கிராம்

திசையன்விளையில் இரவு தங்கிவிட்டு முதல் பஸ்ஸில் உவரிக்குப் போனேன். மே மாதக் கடைசி. சுயம்புலிங்க சுவாமியையும் கப்பல் மாதாவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். வள்ளங்கள், அதாவது நாட்டுப்படகுகள், கரைக்கு வருவதைப் பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. "இந்த ரெண்டு மாசம்தான் தம்பி எங்க மீனுக்கு வெல" என்றார் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். பெரியவர் அந்தக் கணக்கில் அக்கறை காட்டவில்லை. விசைப்படகு வராததால் கூடுதலாகக் கிடைக்கும் விலைதான் அவருக்குப் பெரிது.

அவர் வலையில் சிங்கி இறால் (லாப்ஸ்டர்) ஏழெட்டு சிக்கியிருந்தது. கால் ஒடியாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சாக்கில் போட்டார். உயிரோடு இருந்தால் ஒரு விலை, செத்துவிட்டால் வேறு விலை. உள்ளங்கை நீளம்கூட இல்லாத ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். தராசெல்லாம் தேவைப்படவில்லை. "இருநூறு வராது" என்று அலைக்குள் வீசினார்.

இங்கே கிடைக்கும் சிங்கியில் 200 கிராமுக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 2003-லேயே விதி வந்துவிட்டது. மணிச் சிங்கி என்கிற பெரிய வகைக்கு 500 கிராம். வலை போடுகிறவரைப் பிடித்து அபராதம் போடும் விதியல்ல அது. வாங்குகிறவர் பக்கம் போட்ட பூட்டு. எடை குறைந்ததை ஏற்றுமதி வியாபாரி எடுக்கமாட்டார், உள்ளூர் ஓட்டலில் பாதி விலைகூடத் தேறாது. திரும்பக் கடலில் விட்டால் வளர்ந்து வரும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல், அவர்கள் கிடைத்ததையெல்லாம் அதே வியாபாரியிடம் கொட்டியாக வேண்டும் என்றார் பெரியவர்.

அடுத்து எடுத்தது கனமான பெட்டை. வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை, கொத்துக் கொத்தாக. நான் ஆவலோடு பார்த்தேன். அவர் சாக்கில் போட்டார்.

"இதை விட்டா நல்லதில்லையா?"

"நல்லதுதான். நான் விட்டா நாளைக்கு அடுத்தவன் வலையில ஏறும். எடைக்குக் காசு தாறான், முட்டைக்கு யாரு தாறா?"

அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து எங்கோ போய் ஒதுங்கும். இவர் வலைக்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. தூத்துக்குடிக்கு வடக்கே 21 தீவுகளும் 560 சதுர கிலோமீட்டருமாக 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. இந்தக் கரைக்கு அப்படி எதுவும் இல்லை, இருப்பது தராசு மட்டும்தான். முட்டையோடு விடும் சிங்கிக்குப் பாதி விலையையாவது மீனவர் சங்கம் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"குடுத்தா விட்டுருவேன்" என்றார், யோசிக்காமல்.

வியாபாரியின் டெம்போ வந்துவிட்டது. சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குச் சிங்கி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கால் கிலோ சாளை வாங்கி, பக்கத்து டீக்கடை அக்காவிடம் பொரித்துத் தரக் கேட்டேன்.