கூந்தலை வெட்டிய பேரரசி

ஜூலை 6, ஞாயிறு

ஒரே பேரரசர். அதே மனைவியர். இரண்டு சீனத் தொலைக்காட்சித் தொடர்களும் வெளிவந்தது ஒரே ஆண்டில், 2018-இல். ஆனால் ‘யான்ஷி அரண்மனையின் கதை’யில் நஞ்சு கலப்பவள், ‘ருயி’யின் கதையில் கண்ணீர் சிந்தும் நாயகி. அங்கே துடுக்கும் துணிச்சலுமாக நம்மைக் கவர்ந்தவள், இங்கே பார்க்கவே கூசும் பாதகி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது என்று அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். யான்ஷி 70 பாகம், ருயி 87 பாகம். அக்கா ஏற்கெனவே ருயியின் கட்சி. நான் யான்ஷியின் நாயகி வெய் யிங்லுவோவின் கட்சி. இரவு ஒன்பதரைக்கு மேல் தொலைபேசியில் வழக்காடுவோம்.

பேரரசர், சிங் வம்சத்து சியான்லோங். 1711-இல் பிறந்து, 1735-இல் அரியணை ஏறி, அறுபது ஆண்டுகள் ஆண்டு, தாத்தா காங்ஷியின் 61 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பதற்காக 1796-இல் மகனிடம் பட்டத்தைக் கொடுத்தவர். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கவிதைகள் அவர் பெயரில் இருக்கின்றன. இவ்வளவு எழுதிய ஒருவரால் நல்ல கணவராக இருக்க நேரம் கிடைத்திருக்குமா என்பது அக்காவின் முதல் கேள்வி.

ஜூலை 8, செவ்வாய்

அந்தப்புரத்தின் படிநிலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் யார் யாருக்கு மண்டியிட வேண்டும் என்பதே புரிவதில்லை. உச்சியில் பேரரசி ஒருவர். அடுத்து ஹுவாங்குய்ஃபெய் ஒருவர். பிறகு குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், ‘பின்’ என்ற நிலையில் அறுவர். அதற்குக் கீழே குய்ரென், சாங்சாய், தாயிங். இவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. மேலே இடம் காலியானால்தான் கீழே இருப்பவள் ஏற முடியும். கதாசிரியர்கள் கஷ்டப்படவே தேவையில்லை, சூழ்ச்சி இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

யான்ஷியின் உடையலங்காரத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு காதிலும் மூன்று தோடுகள். அது சிங் வம்சத்தாரின் இனமான மஞ்சுப் பெண்களின் உண்மையான வழக்கம். பேரரசி ஃபூச்சா தலையில் முத்தும் மரகதமும் இல்லாமல் பட்டுநூல் பூக்களை மட்டுமே வைத்திருப்பதும் கற்பனை அல்ல. அவருடைய எளிமையைச் சொல்லும்போது சிங் வம்ச வரலாறே இதைத்தான் குறிப்பிடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

யான்ஷியில் பேரரசி ஃபூச்சா இறந்துவிட்டார். குழந்தை தீயில் போகிறது, அவர் மாடத்திலிருந்து குதிக்கிறார். நான் அழுதேன், ஒளிக்கவில்லை. அழுது முடித்ததும் எரிச்சல் வந்தது. நடந்தது என்னவென்று தேடிப் படித்தால், அதுவே இதைவிடப் பெரிய கதையாக இருக்கிறது!

ஃபூச்சா 1727-இல், சியான்லோங் வெறும் இளவரசராக இருந்தபோதே அவரை மணந்தவர். மூத்த மகன் யோங்லியான் 1738-இல் இறந்தான். அடுத்த பட்டத்துக்கு அவன் பெயரைத்தான் ரகசியமாக எழுதி வைத்திருந்தார் தந்தை. இரண்டாவது மகன் யோங்சோங், இரண்டு வயது நிரம்புவதற்குள், 1748-இன் தொடக்கத்தில், சீனப் புத்தாண்டை ஒட்டிப் பெரியம்மையில் போனான். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பேரரசி கணவரோடு ஷாண்டோங்குக்குப் பயணம் போனார்: கன்பூசியஸின் ஊர், தாய் மலை. ஜீநானில் நோய்வாய்ப்பட்டார். திரும்பும் வழியில், ஏப்ரல் 8 அன்று, டெஜோவில் உயிர் பிரிந்தது.

அதன் பிறகு பேரரசர் செய்தவற்றைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. மனைவி பயணம் செய்த படகைப் பெய்ஜிங் நகரத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்றார். நகர வாயிலோ படகுக்குப் போதாது. வாயிலை இடித்துவிடலாம் என்று பேரரசர் நினைக்க, அமைச்சர் ஹாய்வாங் மதிலின் மேலாக மரச் சட்டங்கள் பூட்டி, வழுக்குவதற்காகக் காய்கறித் தழைகளைப் பரப்பி, ஆயிரம் பேரைக் கொண்டு இழுக்கச் செய்ததாக அரச குடும்பத்தைச் சேர்ந்த சாவ்லியான் பிற்காலத்தில் எழுதிய குறிப்பு சொல்கிறது. ஃபூச்சா வாழ்ந்த சாங்சுன் அரண்மனையைப் பல பத்தாண்டுகள் அவர் விட்டுப்போன நிலையிலேயே வைத்திருந்தார். பின்னாளில் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் ஜீநான் நகரத்துக்குள் காலடி வைக்காமல் சுற்றிக்கொண்டு போனார், அதையும் ஒரு கவிதையில் எழுதினார்.

அக்காவிடம் சொன்னேன். “அவ்வளவு பாசமா!” என்றாள்.

“இரு, மீதியையும் கேள்” என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மீதி இதுதான். மஞ்சு ஆண்கள் முன்மண்டையைச் சவரம் செய்து பின்னால் சடை விடுவார்கள். சிங் ஆட்சியில் மற்ற ஆண்களுக்கும் அதுவே சட்டம். ஆனால் பேரரசியின் துக்கத்தில் 100 நாட்கள் சவரம் கூடாது. பல அதிகாரிகள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, வழக்கம்போல் மழித்துக்கொண்டார்கள். பேரரசர் ஒவ்வொருவராகப் பிடித்தார். ஹூகுவாங்கின் ஆளுநர் செலெங்க, தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணை பெற்றார். தெற்கு நீர்வழிகளின் தலைமை அதிகாரி சோ ஷுவேஜியான் மீது முதலில் மழித்த குற்றம், பிறகு ஊழல் குற்றமும் சேர்ந்தது; அவருக்கும் அதே முடிவு.

சொந்த மகன்களும் தப்பவில்லை. மூத்தவன் யோங்ஹுவாங், மூன்றாவது மகன் யோங்சாங். பேரரசிக்காகப் போதுமான அளவு துயரப்படவில்லை என்று அவையறியத் திட்டி, இனி இவர்களுக்குப் பட்டம் இல்லை என்று அறிவித்தார். யோங்சாங்குக்கு அப்போது பதின்மூன்று வயதுதான். யோங்ஹுவாங் 1750-இல் இறந்தே போனான்.

தொடர்களில் எழுபது, எண்பது பாகங்களுக்குப் பெண்கள் ஒருவருக்கொருவர் நஞ்சு வைக்கிறார்கள், பொம்மையில் ஊசி குத்துகிறார்கள், கருவைக் கலைக்கிறார்கள். 1748-இல் ஆளுநர்களைக் கொன்றதும் இளவரசர்களின் எதிர்காலத்தைப் பறித்ததும் எந்தப் பெண்ணின் சூழ்ச்சியும் அல்ல. ஒருவர் தன் மனைவியின் மேல் வைத்த அன்பு. உண்மையான அன்புதான், சந்தேகமே இல்லை. அவர் கையில் ஆணையும் இருந்தது, அவ்வளவே. இதைத் தொடர்கள் காட்டத் தயங்குகின்றன. காட்டினால் நாயகனை ரசிக்க முடியாதல்லவா?

ஜூலை 17, வியாழன்

ஃபூஹெங். யான்ஷி பார்க்கும் அத்தனை பேரும் காதலிக்கும் காவல் தளபதி, ஃபூச்சாவின் தம்பி. யிங்லுவோவுக்கும் அவனுக்கும் நடுவே நிறைவேறாத காதல். சுத்தக் கற்பனை. ஆனால் நல்ல கற்பனை. பனியில் அவள் மண்டியிட்டுப் போகும் காட்சியை நான் இரண்டு முறை பார்த்தேன்.

அசல் ஃபூஹெங்கின் வாழ்க்கையில் காதலைவிட அரசியல் கனமாக இருக்கிறது. அவருடைய அக்கா ஃபூச்சா இறந்த அதே 1748-இல் ஜின்சுவான் மலைநாட்டுப் போர் சொதப்பியது. தளபதி சாங் குவாங்சியும், பேரரசரின் முதன்மை அமைச்சராக இருந்த நசினும் மரண தண்டனை பெற்றார்கள். நசினை அவருடைய சொந்தத் தாத்தாவின் வாளாலேயே வெட்டச் சொல்லி உத்தரவு. காலியான இடத்துக்கு வந்தவர், இருபதுகளில் இருந்த மைத்துனர் ஃபூஹெங். 1749-இன் தொடக்கத்தில் எதிரி பணிந்தான், ஃபூஹெங் வெற்றியோடு திரும்பினார். பிறகு 1770-இல் இறக்கும்வரை அரசவையில் அவர் சொல்லே சொல். பர்மாப் படையெடுப்பிலிருந்து நோயோடு திரும்பி வந்துதான் இறந்தார்.

அக்காவின் சவப்பெட்டி வழியாகத் தம்பி மேலே ஏறினார் என்று எழுதினால் அநியாயம், திறமைசாலிதான். ஆனால் அரசவையில் இருந்தவர்கள் அப்படி நினைக்காமல் இருந்திருப்பார்களா என்ன?

ஜூலை 18, வெள்ளி

சின்னக் குறிப்பு. யான்ஷி அரண்மனை உண்மையில் பெய்ஜிங்கில் இருக்கிறது. தொடர் எடுத்தது அங்கல்ல, செஜியாங்கில் ஹெங்தியான் என்ற ஊரில் கட்டியிருக்கும் படப்பிடிப்பு நகரத்தில். அசல் யான்ஷி 1845-இல் எரிந்துபோனது. 1909-இல் அந்த இடத்தில் இரும்பும் கண்ணாடியுமாக, சுற்றிலும் தண்ணீர் நிரப்பும் திட்டத்தோடு ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார்கள். முடியும்முன் புரட்சி வந்து வம்சமே போய்விட்டது. 1917-இல், பட்டம் இழந்த பேரரசரை மறுபடியும் அரியணையில் உட்காரவைக்க நடந்த கூத்தின்போது விமானத்திலிருந்து ஒரு குண்டும் அதன்மேல் விழுந்தது. பட்டுப் பூவும் பொறாமையும் தேடி அங்கே போகிறவர்கள் துருப்பிடித்த இரும்புக் கூட்டைப் பார்த்து விழிக்க வேண்டியதுதான்.

ஜூலை 26, சனி

ருயி முடிவை நெருங்குகிறது. அக்கா இன்று பேசவே மறுத்துவிட்டாள். “நாளை பேசலாம், மனசு சரியில்லை.”

ருயி என்பவர் பேரரசி நாரா. ஃபூச்சாவுக்குப் பின் 1750-இல் பேரரசி ஆனவர். 1765-இல் பேரரசர் தெற்குச் சுற்றுப்பயணம் போனபோது உடன் போனார். வழியில் அவர் பிறந்தநாளைக்கூடக் கொண்டாடினார்கள். ஹாங்சோவில் ஒரு நாள் காலை, பேரரசர் அவருக்கு உணவு அனுப்பிய குறிப்பு அரண்மனைப் பதிவில் இருக்கிறது. அன்று மாலை உணவுப் பதிவில் மற்ற துணைவியரின் பெயர்கள் உண்டு, பேரரசியின் பெயர் இல்லை.

நடுவில் நடந்தது: அவர் தன் கூந்தலை வெட்டிவிட்டார்.

மஞ்சுப் பெண் கூந்தலை வெட்டுவது கணவனோ மாமியாரோ செத்தால்தான். கணவரும் பக்கத்தில் இருக்கிறார், மாமியாரும் அதே பயணத்தில் இருக்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்குத் துக்கம் காத்ததைப் போன்ற செயல், சாபத்துக்குச் சமம். ஏன் வெட்டினார் என்பதற்குப் பதிவில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் இத்தனை தொடர்களும் கூடாரம் அடித்திருக்கின்றன. ருயியின் பதில், காதல் செத்தது, அந்தக் காதலுக்குத் துக்கம் என்பது. அழகான பதில். யான்ஷியோ அவரைச் சதிகாரியாக்கி, வெறியின் உச்சத்தில் கத்தரிக்கோலை எடுக்க வைக்கிறது. இந்த ஒரு இடத்தில் அக்காவின் கட்சிக்கு வாக்களிக்கிறேன்.

ஆனால் இரண்டு தொடர்களும் கோட்டைவிட்ட ஒரு விவரம் இருக்கிறது. அன்றே பேரரசியை நீர்வழியாகப் பெய்ஜிங்குக்கு அழைத்துப் போகும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் ஃபூலோங்கான். ஃபூஹெங்கின் மகன், செத்துப்போன பேரரசி ஃபூச்சாவின் மருமான், போதாக்குறைக்குப் பேரரசரின் மாப்பிள்ளை. அந்தப் படகுப் பயணத்தை மட்டும் வைத்து ஒரு முழுத் தொடர் எடுக்கலாம். முதல் மனைவியின் உறவினன் காவல், இரண்டாவது மனைவி கைதி, இடையில் பெருங்கால்வாயின் அத்தனை தூரம்.

ஜூலை 27, ஞாயிறு

அக்கா அழைத்தாள். நாராவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பட்டத்தை முறைப்படி பறிக்கவில்லை, ஆனால் பட்டமளித்த ஆவணங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பணிப்பெண்கள் இருவர் மட்டும். அடுத்த ஆண்டு, 1766 கோடையில் இறந்தார். பேரரசர் வடக்கே வேட்டைக்களத்துப் பயணத்தில் இருந்தார், திரும்பி வரவில்லை. சடங்கை ஒரு படி இறக்கி, ஹுவாங்குய்ஃபெய்க்கு உரிய அளவில் செய்யச் சொன்னார். தனிக் கல்லறை இல்லை. வேறொரு துணைவியின் கல்லறைக்குள் இடம் கொடுத்தார்கள். பெயர்ப் பலகையும் இல்லை, படையலும் இல்லை.

“ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா?” என்றாள்.

கேட்டார்கள். லி யூமிங் என்ற தணிக்கை அதிகாரி, பேரரசியின் ஈமச்சடங்கு முறைப்படி நடக்கவில்லை என்று மனு எழுதினார். இலி என்ற மேற்கு எல்லைக்கு நாடுகடத்தப்பட்டார்.

இத்தாலிய ஓவியர் காஸ்டிலியோனேயின் பெயரோடு, பேரரசரையும் மனைவியரையும் வரிசையாகக் காட்டும் ஒரு பட்டுச் சுருள் அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொத்தம் 13 முகங்கள். ஃபூச்சா இருக்கிறார். யிங்லுவோவின் அசலான வெய், அதாவது லிங் ஃபெய், இருக்கிறார். நாராவின் பெயர் மட்டும் இல்லை.

ஜூலை 30, புதன்

வெய். இரண்டு தொடர்களிலும் மிக அதிகமாகச் சூழ்ச்சி செய்பவள் இவள்தான், நல்லவளாக ஒன்றில், கெட்டவளாக இன்னொன்றில். அசல் வெய் 1727-இல் அரண்மனைப் பணிக்குடும்பம் ஒன்றில் பிறந்தவர், பேரரசருக்கு நான்கு மகன்களையும் இரண்டு மகள்களையும் பெற்றவர். நாராவின் ஆவணங்கள் பறிக்கப்பட்ட அதே 1765-இல் ஹுவாங்குய்ஃபெய் ஆனார். இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் ருயி குழு அவரைக் கொடியவளாக்கியது. அவர் எதையும் செய்ததாக ஒரு சான்றும் கிடையாது.

வாரிசு ஏற்பாடு சியான்லோங்கின் தந்தை யோங்செங் செய்து வைத்தது. பெயரை எழுதி, முத்திரையிட்டு, சியான்சிங் மாளிகையில் அரியணைக்கு மேலே தொங்கும் பலகையின் பின்னால் பெட்டியில் வைத்துவிடுவார்கள். 1773-இல் சியான்லோங் அதில் எழுதியது வெய்யின் மகன் யோங்யானின் பெயரை. வெய் இறந்தது 1775-இல். பெயரை அறிவித்ததோ 1795-இல். அப்போதுதான் வெய்க்குப் பேரரசி பட்டமும் வந்தது, இறந்து இருபது ஆண்டு கழித்து. உயிரோடு இருந்தபோது தான் வென்றுவிட்டோம் என்று முறைப்படி அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. இத்தனை பாகம் இந்தப் பெண்ணுக்காக நகம் கடித்த எனக்கு இது தாங்கவில்லை.

1928-இல் சுன் தியன்யிங் என்ற போர்த்தலைவனின் படையினர் சியான்லோங்கின் கல்லறையை உடைத்துக் கொள்ளையடித்தார்கள். பேரரசரின் எலும்புகளே சிதறிக் கிடந்தன. பின்னர் உள்ளே போனவர்கள் ஒரு பெண்ணின் உடல் மட்டும் கெடாமல் இருப்பதைக் கண்டு, அது வெய் என்று முடிவு செய்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டும் முடிந்தன. 2019-இன் தொடக்கத்தில், இத்தகைய அரண்மனைத் தொடர்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் போற்றுகின்றன என்று பெய்ஜிங்கின் அரசுப் பத்திரிகை ஒன்று சாடியது. தொலைக்காட்சிகளில் இவற்றின் மறு ஒளிபரப்பும் நின்றது. அக்கா சிரித்தாள். “சியான்லோங்கே உத்தரவு போட்ட மாதிரி இருக்கிறதே!”

அவளுக்கு இன்னொரு கதை சொன்னேன். நாரா இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1778-இல், பேரரசர் வடகிழக்கே முன்னோர் கல்லறைகளுக்குப் போகும் வழியில் ஜின் சோங்ஷான் என்ற படித்தவர் ஒருவர் மனு நீட்டினார். வாரிசை அறிவியுங்கள், பேரரசி விஷயத்தில் உங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளுங்கள் என்று. தலை போயிற்று. ஆனால் அவருக்குப் பதில் சொல்ல வந்த பேரரசர், அதுவரை மூடி வைத்திருந்த காரணத்தை ஊரறியச் சொல்ல வேண்டியதாயிற்று: அவள் தன் கூந்தலை வெட்டினாள் என்று.

அந்த ஜின் சோங்ஷானுக்கு இரண்டு தொடர்களிலும் ஒரு காட்சிகூட இல்லை. அக்காவுக்கு அதில்தான் கோபம். அடுத்து டாங் வம்சத்து வூ ஸெடியான் கதையைத் தொடங்கலாமா என்று கேட்கிறாள். பெண்ணே அரியணையில் உட்கார்ந்த கதை என்பதால் சரி என்றேன்.