எலி விரட்டியை அளந்த கதை

அம்மா 250 ரூபாய்க்கு வாங்கி வந்த, காதுக்குக் கேட்காத மீயொலியால் எலியை விரட்டுவதாகச் சொல்லும் எலி விரட்டியைச் சுவரில் செருகும் முன்பே திருகைக் கழற்றித் திறந்துவிட்டேன். வீட்டு மின்சாரத்திலிருந்து பலகையைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மரே உள்ளே இல்லை. 400 வோல்ட் என்று அச்சிட்ட பழுப்பு நிறக் கெப்பாசிட்டர் ஒன்றுதான் 230 வோல்ட்டை இறக்கித் தருகிறது. அந்தப் பலகையில் எங்கே கை வைத்தாலும் வீட்டு மின்சாரத்திலேயே கை வைத்த மாதிரி. உச்சத்தில் அது 325 வோல்ட்!

மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பைப் புதிதாக வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, இதைக் கவனியுங்கள். சுவர் மின்சாரத்தில் ஓடும் ஆசிலோஸ்கோப்பில், அளக்கும் கம்பியான புரோபின் முதலைக் கிளிப் வீட்டு எர்த்தோடு நேராக இணைந்திருக்கிறது. அதை இந்தப் பலகையில் மாட்டினால் ஃபேஸ் அதன் வழியே எர்த்துக்குப் பாயலாம். கிளிப் உருகும், கருவி போகும். "ஆசிலோஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்போது ஆசிலோஸ்கோப்பின் உலோகப் பாகங்களிலேயே மின்சாரம் ஏறி நிற்கும்.

நான் எலி விரட்டியின் மூடியைத் திரும்பத் திருகிச் சுவரில் செருகினேன். பழைய தூர உணரியிலிருந்து கழற்றிய 40 கிலோஹெர்ட்ஸ் ஒலிவாங்கியை மட்டும் புரோபில் மாட்டி, ஒரு சாண் தள்ளி வைத்தேன். காற்றில் வரும் ஒலியை அளந்தால் போதுமே! திரையில் மெல்லிய அலை எழுந்தது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25 மைக்ரோ விநாடி, அதாவது 40 கிலோஹெர்ட்ஸ். நடுவே உள்ளங்கையை நீட்டினால் அலை அப்படியே படுத்துவிடுகிறது.

ஒலி வருவது உண்மை. எலி ஓடுமா என்பது வேறு கேள்வி. 2001இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், இத்தகைய கருவிகளைத் தயாரித்த அல்லது விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம், விளம்பரத்துக்கு அறிவியல் சான்று வேண்டும் என்று எச்சரித்தது.

அம்மாவுக்கு நாளை எலிப்பொறி வாங்கப் போகிறேன்.