இன்னும் ரெண்டு வாய்

"இன்னும் ரெண்டு வாய்தான் மேடம், ஊட்டிவிட்டா தட்டு காலியாயிடும். ஊட்டட்டுமா?" என்று கேட்டார், குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பையனுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர். வேண்டாம் என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் அடுத்து அவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது: "சாயங்காலம் அவங்கம்மா கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீட்டைப் பயிற்சியில் எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறார்கள். தட்டு முன்னால் வந்ததும் மனசு கேட்பதில்லை. அந்தப் பையன் உதட்டை இறுக்கி, முகத்தைத் திருப்பி, கடைசிக் கவளத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான். அதற்கு மேல் ஊட்டினால், வயிறு சொல்வதை மதிக்க வேண்டியதில்லை என்றுதான் கற்றுக்கொள்வான்.

உண்மையில் கோளாறு பெரும்பாலும் நேர அட்டவணையில் இருக்கிறது. பத்தரைக்கு ஒரு டம்ளர் பால், பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்றால் பசி எங்கிருந்து வரும்? இரண்டு வேளைகளுக்கு நடுவே 2 முதல் 3 மணி நேரம் வேண்டும். இடையில் தண்ணீர் மட்டும். ஒரு வயதைத் தாண்டியபின் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் போனால் மற்ற உணவுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். முதல் பரிமாறல் ஒவ்வோர் உணவிலும் ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் போதும், கேட்டால் மறுபடி வைக்கலாம். 30 நிமிடத்தில் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துவிட வேண்டும்.

புதுக் காய்க்கு இன்னும் பொறுமை வேண்டும். பழக 10, 15 முறைகூட ஆகலாம். வாரம் ஒருமுறை வைத்தால் அதற்கே இரண்டரை, மூன்றரை மாதம். இரண்டாவது வாரமே "பிடிக்கல" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். "இதைச் சாப்பிட்டா இனிப்பு" என்பது அதைவிடக் கெடுதல். காயின் மேல் வெறுப்புதான் கூடும். தெரிந்த உணவுக்குப் பக்கத்தில் விரல்நுனி அளவு வைத்து, பராமரிப்பாளரும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிட்டால் பலன் அதிகம்.

ஆனாலும் அவர் கேள்வி அப்படியே நிற்கிறது. வாசலில் தொங்கும் தாளில் "முழுதும், பாதி, சாப்பிடவில்லை" என்று மூன்று கட்டங்கள். அந்தக் கட்டம்தான் அவரை ஊட்ட வைக்கிறது. அதை எடுத்துவிட்டு, "என்ன கொடுத்தோம், எதைத் தானாக எடுத்துச் சாப்பிட்டான்" என்று எழுதலாம் என்பேன். ஆனால் எடை ஏறாத குழந்தைக்கு அளவு தெரிந்தே ஆக வேண்டும். அங்கே வேளைகளைக் கூட்டி, எண்ணெயோ நெய்யோ சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து ஊட்டவும் வேண்டும். ஊட்டுவதும் திணிப்பதும் ஒன்றில்லை. "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் அந்த வித்தியாசத்தை அவருக்குச் சொல்லியிருக்குமா என்று தெரியவில்லை. அளவை உடல்நலக் கோப்பில் மட்டும் எழுதச் சொல்வது ஒரு வழி. அம்மாவுக்கு வாசலில் நின்று பதில் சொல்பவர் என்னவோ அவர்தான்.