ஒரே காலுக்கு இரண்டு அட்டவணை

றக்பிக்குப் பொறுப்பாசிரியர் என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் என் பெயரை வாசித்த நாள் வரைக்கும் நான் ஒரு றக்பி ஆட்டத்தை முழுதாக இருந்து பார்த்ததில்லை. பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். அங்கே பின்னேரமானால் உதைபந்து, இல்லையென்றால் கரப்பந்து. கண்டிக்கு மாற்றலாகி வந்து, ஓர் ஆண்கள் பாடசாலையின் தமிழ்மொழிப் பிரிவில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முன்பிருந்த பொறுப்பாசிரியர் ஓய்வுபெற, அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. "பயிற்சி கொடுக்க கோச் இருக்கிறார் சேர். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்றார் அதிபர்.

ஆறு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தேன். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று விளங்கவே எனக்கு இரண்டு வருடம் போனது.

கண்டியில் பாடசாலை றக்பிக்கு ஆழமான வேர் உண்டு. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை ஆரம்பித்த எல். ஈ. பிளேஸ்தான் இந்த விளையாட்டை இலங்கைப் பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தவர். 1906இல் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதியதுதான் நாட்டில் இரண்டு பாடசாலைகள் ஆடிய முதல் ஆட்டம். கொழும்பு றோயல் கல்லூரியும் டிரினிட்டியும் பிரட்பி கேடயத்துக்காக 1945இலிருந்து ஆடி வருகின்றன. கண்டியில் ஒரு ஆட்டம், கொழும்பில் ஒரு ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்துத்தான் கேடயம். அந்தக் கிழமை கண்டி நகரத்தில் வாகனங்களெல்லாம் கொடி கட்டிக்கொண்டு ஓடும். எங்கள் பாடசாலை அந்த வரிசையில் வைத்துப் பேசப்படுவதில்லை. ஆனாலும் எங்கள் பையன்களுக்கு அவர்களுடைய ஜேர்சி அவர்களுடைய பிரட்பிதான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழக்கிழமையே சப்பாத்தைக் கழுவி, ஜன்னல் விளிம்பில் காயவைத்துவிட்டு வகுப்பில் இருப்பார்கள்.

பொறுப்பாசிரியரின் வேலை பெரும்பாலும் கடதாசி வேலை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், மருத்துவச் சான்றிதழ், பெற்றாரின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வீரர்களைப் பதிவு செய்ய வேண்டும். பஸ் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டி, பந்தனத் துணி, தண்ணீர்ப் போத்தல், மைதானத்துக்கு அம்புலன்ஸ். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறைக்குள் போனால் வின்டர்கிரீன் எண்ணெய் மணமும் சித்தாலேப மணமும் மூக்கில் ஏறும். பதினைந்து பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக நிற்பார்கள். அதில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். களத்தில் எல்லோரும் சிங்களத்தில்தான் கத்துவார்கள். "அல்லபங்! அல்லபங்!" பிடி என்று அர்த்தம். என் வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் இரண்டு பக்கமும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம் நடுவில் இருந்து அப்படிக் கத்தியதை முதல் தடவை கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

றக்பிக்கு முன்னால் பெப்ரவரியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். அது எனக்குப் பழக்கமான உலகம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்லச் சோடனை என்றால் அயலே திரண்டு வந்து பார்க்கும். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்தவரே யாழ்ப்பாணத்துக்காரர், 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வாத்தியார்மார் எங்களைப் பாயவிட்டார்கள். கண்டியிலும் அதே அணிநடை, அதே சுண்ணாம்புக் கோடு, அதே ஒலிபெருக்கிக் கரகரப்பு. இல்லப் போட்டியில் வென்றவர்கள் வலயப் போட்டிக்குப் போவார்கள், அங்கிருந்து மாகாணம், அதன் பிறகு அகில இலங்கை. இதில்தான் சிக்கல். இல்லப் போட்டி முடிந்து றக்பி தொடங்குகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் மெய்வல்லுநர் முடிவதே இல்லை. வலயமும் மாகாணமும் றக்பிப் பருவத்தின் நடுவில்தான் வந்து விழும். அப்போது ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை வேறு. வேகமாக ஓடும் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் நாலைந்து பேர்தான். றக்பி கோச்சும் உடற்கல்வி ஆசிரியரும் தேடுவது அதே நாலைந்து பேரைத்தான்.

எங்களிடம் அப்படி ஒரு பையன் இருந்தான். றக்பியில் விங், ஓரத்தால் வேகமாக ஓடுகிறவன். மெய்வல்லுநரில் 100 மீற்றர், 200 மீற்றர், 4x100 அஞ்சலோட்டத்தின் கடைசி ஓட்டக்காரன். அவன் அஞ்சலோட்டக் கோலை வாங்குவதைப் பார்க்க வேண்டும். வெறுங்காலை ஒன்றன் முன் ஒன்றாக வைத்து, குதியும் விரலும் முட்ட, பின்னோக்கி அளந்துகொண்டு போவான். இருபத்துமூன்று அடி. அந்த இடத்தில் புல்லில் ஒரு சின்னக் குச்சியைக் குத்திவிட்டுத் திரும்பி வருவான். மூன்றாம் ஓட்டக்காரன் அந்தக் குச்சியைத் தாண்டும் கணத்தில் இவன் புறப்படுவான், திரும்பிப் பார்க்க மாட்டான். "கை!" என்ற சத்தம் கேட்டதும் இடக்கை மட்டும் பின்னால் நீளும், உள்ளங்கை விரிந்து, அசையாமல். கோல் வந்து விழும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை இவ்வளவு நம்புவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் இரண்டாவது வருடம், வலயப் போட்டி ஒரு புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை எங்களுக்கு முக்கியமான ஆட்டம். புதன் காலையிலிருந்து பின்னேரம் வரை அவன் தகுதிகாண் சுற்றுகளும் இறுதிகளுமாக ஐந்து தடவை ஓடினான். அஞ்சலோட்டத்தில் முதலிடம். உடற்கல்வி ஆசிரியர் சந்தோஷத்தில் அவனைத் தூக்கியே விட்டார். வியாழன் பின்னேரம் வழக்கம்போல றக்பிப் பயிற்சி.

வெள்ளி காலை இரண்டாம் மாடியிலிருந்து அவன் இறங்கி வருவதைக் கண்டேன். ஒரு கை கைப்பிடியில். ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதத்தையும் வைத்து வைத்து இறங்கினான். படிகளை மூன்று மூன்றாகத் தாவுகிறவன் அவன்.

"என்ன தம்பி, கால் என்ன செய்கிறது?"

"ஒன்றுமில்லை சேர். கொஞ்சம் இறுக்கம்."

நான் மேலே கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது, பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டும். பின்னேரம் கோச் கொடுத்த அணிப் பட்டியலில் பதினாலாம் இலக்கத்துக்கு நேரே அவன் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை இரண்டாம் பாதி. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் 10, அவர்கள் பக்கம் 12. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் ட்ரை, ஐந்து புள்ளி, அது போதும். பந்து கைமாறிக் கைமாறிக் கடைசியில் இவனிடம் வந்தது. முன்னால் ஒருவரும் இல்லை. பார்வையாளர்கள் எழுந்துவிட்டார்கள், நானும் எழுந்தேன். பத்துப் பதினைந்து எட்டு ஓடியிருப்பான். யாரும் தொடவில்லை. திடீரென்று ஒரு கை தொடையின் பின்பக்கத்துக்குப் போனது, அப்படியே முகங்குப்புற விழுந்தான். பந்து அவனை விட்டு உருண்டு போய்க் கோட்டுக்கு வெளியே நின்றது.

தொடைப் பின்தசை கிழிந்திருந்தது. காலை முன்னே நீட்டிப் பாதம் நிலத்தில் படுவதற்குச் சற்று முன்னர்தான் அந்தத் தசைக்கு இழுவை அதிகம், களைத்துப்போன தசை அதைத் தாங்காது என்று வைத்தியர் எனக்கு விளக்கினார். பெப்ரவரியிலும் இதே இடத்தில் லேசாகப் பிடித்ததாம். இல்லத்துக்குப் புள்ளி போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. றக்பிப் பருவத்தின் மிச்சம், மாகாண அஞ்சலோட்டம் எல்லாம் போயின. அது அவனுடைய கடைசி வருடம். உயர்தரம் எழுதிவிட்டு வெளியேற வேண்டியவன்.

திங்கட்கிழமை அவனுடைய அப்பா வந்தார். பேக்கரியில் வேலை செய்பவர், இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார், சட்டையில் மா. கோபப்படவே இல்லை. "மகன் வெள்ளிக்கிழமை நொண்டினதை நீங்கள் கண்டீர்களாமே சேர்" என்றார். கண்டேன் என்றேன். "நான் வேலைக்குப் போய்விடுவேன். காலையிலும் காண்பதில்லை, இரவிலும் காண்பதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை.

கோச்சிலும் பிழையில்லை, உடற்கல்வி ஆசிரியரிலும் பிழையில்லை. கோச் சனிக்கிழமையைப் பார்த்தார், உடற்கல்வி ஆசிரியர் புதன்கிழமையைப் பார்த்தார். இரண்டும் ஒரே பையனுடைய ஒரே கால் என்பதை இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒருவர்தான் சொல்லியிருக்க முடியும். அந்த ஒருவர் நான். கணித வாத்தியாருக்குக் கூட்டத் தெரியாமல் போனது.

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம். என்றைக்கு ஓடினான், எத்தனை தடவை, எதிராளியைப் பிடித்து விழுத்தும் டக்கிள் பயிற்சி என்றைக்கு, எங்கே நோகிறது, இரவு எத்தனை மணிக்குப் படுத்தான். காலைக் கூட்டத்துக்கு முன் அவர்களே வந்து எழுத வேண்டும். கோச்சும் உடற்கல்வி ஆசிரியரும் வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அணிப் பட்டியல் என்னிடம் வரும் என்று அதிபரிடம் போய்க் கேட்டு ஒப்புதல் வாங்கினேன். முதல் மாதம் இருவருக்கும் பிடிக்கவில்லை. பையன்களும் எல்லாப் பக்கத்திலும் 'நோ இல்லை' என்றே எழுதினார்கள். அந்த வயதில் நோவைச் சொன்னால் இடம் போய்விடும் என்ற பயம் இருக்கும். அதனால் நான் எழுத்தை நம்பாமல் படிக்கட்டடியில் போய் நிற்கத் தொடங்கினேன். காலையில் ஏறும்போது ஒரு பார்வை, பின்னேரம் இறங்கும்போது ஒரு பார்வை. படி பொய் சொல்லாது. ஒரு பருவம் கழிந்த பிறகு பையன்களும் உள்ளதை எழுத ஆரம்பித்தார்கள். நோகிறது என்று எழுதியவனுக்கு அடுத்த கிழமை இடம் திரும்பக் கிடைத்ததை மற்றவர்கள் கண்டுகொண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நாலாவது வருடம் கண்டி நித்தவெல றக்பி மைதானத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் அணித்தலைவன் தாழக் குனிந்து ஒரு டக்கிள் செய்தான். எதிராளியின் முழங்கால் அவன் நெற்றியில் பட்டது. எழுந்து நின்றான், சிரித்தான், "எத்தனை புள்ளி சேர்?" என்று கேட்டான். சொன்னேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே மறுபடி, "எத்தனை புள்ளி சேர்?" தலையில் அடிபட்டு மூளை குலுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. உலக றக்பி அமைப்பின் விதி அதில் மிகத் தெளிவு. அவனை வெளியே எடுத்தேன். பத்து நிமிடம் மிச்சம், மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். பழைய மாணவர்கள் கம்பிவேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். 'றக்பி தெரியாத ஆள்' என்பதும் அதில் இருந்தது. அவன் என் கையை உதறிவிட்டுத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாங்கள் தோற்றோம். வைத்தியசாலைக்குப் போகும் வழியில் அம்புலன்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஓர் இரவு வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகும் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவனைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தேன், அது போதுமாக இருந்தது.

என் கடைசி வருட இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு அந்த விங் பையன் வந்திருந்தான். பேராதனையில் படித்துக்கொண்டிருந்தான். குளிர் காலையில் அந்தத் தொடை இன்னும் இறுகும் என்றான், கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். நாலு வருடமாகக் கேட்க நினைத்தது. "நானும் சொல்லவில்லையே சேர்" என்றான்.

அப்புறம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மூன்றாம் மாற்றிடத்துக்குப் போனான். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அங்கே கோலுக்குக் காத்துக்கொண்டு நின்றான், முதல் தடவை போல, கால் துடித்தது. இவன் அவன் பக்கத்தில் நின்று வெறுங்காலைக் குதியும் விரலும் முட்ட வைத்து, பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனான். பதினெட்டில் நிறுத்திக் குச்சியைக் குத்தினான். "உனக்கு இது காணும். அவன் இதைத் தாண்டினால் ஓடு. திரும்பிப் பார்க்காதே." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான், "இவன் நேற்று எத்தனை தடவை ஓடினான் சேர்?"

கொப்பியைத் திறந்து பார்த்தேன். இரண்டு தடவை. சரி என்று தலையாட்டினேன். துப்பாக்கி வெடித்தது.