மூன்று பாகக் கேமுக்குத் தொடர்கதை கட்டுவது: ஓர் இறுதியாண்டுச் செயற்றிட்ட அனுபவம்

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குக் கேம் கதை எடுக்கலாமா என்று திருகோணமலையில் கணினி படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். நான் எடுத்ததும் அதுதான். மூன்று பாகங்களாக வருகிற ஓர் அறிவியல் புனைவுக் கேமுக்குக் கதைத் திட்டம் போட்டேன். முன்மாதிரியாக மாஸ் எஃபெக்ட் தொடரை ஆராய்ந்தேன். கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று கேம்கள் அவை. 2021இல் மூன்றும் ஒரே தொகுப்பாகவும் வந்துவிட்டன. படிக்கிறவர்களுக்கு அந்தத் தொகுப்பே வசதி.

அந்தத் தொடரை எடுத்ததற்குக் காரணம் அதன் சேவ் ஃபைல், அதாவது விளையாடியதைச் சேமித்து வைக்கிற கோப்பு. முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவு அடுத்த பாகத்துக்குள் அப்படியே போகும். முதல் பாகத்தில் இறந்தவர் மூன்றாம் பாகத்திலும் இருக்கமாட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, எழுதுகிறவனுக்குத்தான் கஷ்டம். ஆம், இல்லை என்று பத்து முடிவுகள் வைத்தாலே 1024 சேர்க்கைகள் வந்துவிடும். அத்தனைக்கும் தனித்தனிக் கதை எழுத யாராலும் முடியாது. அதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத்தான் நீங்கள் படிக்கவேண்டும்.

ஒரே ஓர் இழையை எடுத்து முழுதாகப் பின்தொடருங்கள். நான் எடுத்தது குரோகன் இனத்தின் கதை. அவர்கள் போர்க்குணம் மிக்க ஒரு வேற்றுக்கிரக இனம். அவர்கள் பெருகிவிடக்கூடாது என்று, சலேரியன் என்ற இன்னோர் இனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய ஜீனோஃபேஜ் என்ற உயிரியல் ஆயுதம் அவர்கள்மேல் ஏவப்பட்டது. அதனால் ஆயிரம் கருவில் ஒன்றுதான் பிழைக்கும். முதல் பாகத்தில் வில்லன் அதற்கு மருந்து கண்டுவிட்டதாகச் சொல்கிறான். அவனுடைய ஆய்வுகூடத்தைத் தகர்க்க வேண்டிய கட்டத்தில், உங்கள் அணியிலுள்ள குரோகன் வீரன் ரெக்ஸ் துப்பாக்கியோடு எதிரே நிற்கிறான். கதைத்துச் சமாதானப்படுத்தலாம், முடியாவிட்டால் அவன் சாகிறான். இரண்டாம் பாகத்தில் ரெக்ஸ் உயிரோடு இருந்தால் தன் குலத்துக்குத் தலைவன். செத்திருந்தால் அந்த இடத்தில் ரீவ் என்ற இன்னொருவன் இருப்பான். அதே பாகத்தில்தான் மோர்டின் வருகிறார். ஜீனோஃபேஜைப் புதுப்பித்த விஞ்ஞானிகளில் ஒருவர். அவருடைய பழைய மாணவன் மருந்து தேடிச் செய்த கொடூரமான ஆய்வுகளின் தரவை வைத்திருப்பதா அழிப்பதா என்பது உங்கள் கையில்.

மூன்றாம் பாகத்தில் இவை எல்லாம், மருந்தைப் பரப்புவதற்கான ஒரே கோபுரத்தில் வந்து சேர்கின்றன. மருந்தை உண்மையாகவே பரப்புவதா, பரப்பியதுபோல ஏமாற்றுவதா? தரவை அழித்திருந்தால் குரோகன் பெண் ஈவ் பிழைக்கமாட்டாள். அவளும் இல்லாமல், தலைமையில் ரீவும் இருந்தால் மருந்தைக் கைவிடும்படி மோர்டினையே இணங்க வைக்கலாம், அவரும் உயிர் தப்புவார். ரெக்ஸை ஏமாற்றினாலோ அவன் உண்மையைக் கண்டுபிடித்துத் தேடி வருவான்.

இதில் கதைச் சம்பவம் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கோபுரம் ஒன்று, மருந்து ஒன்று, கேள்வியும் ஒன்று. யார் அங்கே நிற்கிறார் என்பது மட்டும் மாறுகிறது, அதோடு கேள்வியின் பாரமும் மாறிவிடுகிறது. மோர்டின் இரண்டாம் பாகத்திலேயே இறந்திருந்தால் அவருடைய வேலையைச் செய்ய வேறொரு சலேரியன் வருவான். நாற்காலி ஒன்று, உட்காருகிற ஆள்தான் வேறு. செயற்றிட்டம் முழுவதற்கும் எனக்குக் கைகொடுத்த உத்தி இதுதான். ஒரு பாத்திரத்தைச் சாக விடுவதற்கு முன், அவருடைய வேலையை அடுத்த பாகத்தில் யார் செய்வார் என்று எழுதி வையுங்கள். அந்த மாற்று ஆள் குணத்தில் நேர் எதிராக இருந்தால் இன்னும் நல்லது.

சரியாக வராத இழைகளையும் பாருங்கள், அவையும் நல்ல பாடம். ராக்னி என்ற பூச்சி போன்ற இனத்தின் அரசியை முதல் பாகத்தில் கொன்றாலும் மூன்றாம் பாகத்தில் ராக்னி வந்தே தீரும். அங்கே அந்த முடிவு மெலிந்துபோகிறது. இரண்டாம் பாகத்தில் ஹேஸ்ட்ரம் கிரகத்தின் சூரியன் காலத்துக்கு முன்பே முதுமை அடைகிறது என்று பெரிதாகக் காட்டிவிட்டு, மூன்றாம் பாகத்தில் அந்த மர்மத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 2012 மார்ச்சில் வந்த கடைசி முடிவு ரசிகர்களைக் கொதிக்க வைத்தது, அதே ஆண்டு ஜூனில் விரிவாக்கிய முடிவை இலவசமாகக் கொடுக்கவேண்டி வந்தது. என்னைக் கேட்டால், மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியை முதல் பாகம் தொடங்குமுன் ஒரு பக்கத்திலாவது எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றலாம், ஆனால் அந்தப் பக்கம் கட்டாயம் இருக்கவேண்டும்.

சொந்தக் கதைக்குத் தூரம் போகாதீர்கள். நமக்குக் கோணேசர் மலை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களை, 1956இல் அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கண்டார்கள். என் கதை அங்கேதான் தொடங்குகிறது. நிலாவெளிப் பெண் ஒருத்தி கடலடியில் ஒரு தூணிலிருந்து சீரான துடிப்பைக் கேட்கிறாள். மூன்று பாகத்துக்கும் ஒரே கேள்வி: அனுப்புவது யார்? அடுத்த பாகத்துக்குக் கடத்தியது மூன்று முடிவுகள் மட்டும். தூணை மேலே எடுத்தாளா, மீனவர் சங்கத்திடம் சொன்னாளா, கூட மூழ்கிய அண்ணன் உயிரோடு ஏறினானா.

அண்ணன் இல்லையென்றால் படகில் மச்சான் நிற்பான். மூன்றாம் பாகத்தில் கயிற்றை வெட்டச் சொல்லி அவள் சமிக்ஞை கொடுக்கும்போது அண்ணன் உடனே வெட்டுவான். மச்சான் தயங்குவான். அவன் தயங்குகிற அந்த நேரத்தில் துடிப்பு நின்றுவிடும். காட்சி ஒன்றுதான், முடிவு இரண்டு.

வேலை முறை பற்றி: முதல் சுற்றில் குறிப்பு எடுக்காமல் விளையாடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒரு சீ.ஆர். கொப்பியில் இழைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பாகத்துக்கு ஒரு நிரல் போடுங்கள். கிளைக்கதையைச் சோதித்துப் பார்க்க ட்வைன் என்ற மென்பொருள் போதும். இலவசம், தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். அப்புறம் மாறிகளின், அதாவது முடிவுகளைப் பதிந்து வைக்கிற பெறுமதிகளின் அட்டவணை. ஒவ்வொரு முடிவும் எங்கே பிறக்கிறது, எங்கே பயன்படுகிறது, சேவ் ஃபைல் இல்லாதவருக்கு எந்தப் பெறுமதி என்று மூன்றும் அதில் இருக்கவேண்டும்.

வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையில் என்னை அதிகம் துளைத்தது அந்தக் கடைசி விஷயம்தான்: இரண்டாம் பாகத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு என்ன கதை? மாஸ் எஃபெக்டில் சேவ் ஃபைல் இல்லாமல் இரண்டாம் பாகம் தொடங்கினால் ரெக்ஸ் இறந்தவனாகவே கணக்கு. 2011இல் பிளேஸ்டேஷன் 3இல் வந்த பதிப்பிலோ, பழைய முடிவுகளைத் தெரிந்தெடுக்க ஒரு படக்கதையைச் சேர்த்தார்கள். இந்த இரண்டையும் ஒப்பிட்டு, உங்கள் கதைக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். மாறி அட்டவணையைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் வடிவமைப்பு அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பரீட்சகர்கள் என் பிரதியில் விரலை வைத்துக் கேள்வி கேட்டது அந்தப் பக்கத்தில்தான்.