மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்கும் நாடகம்: வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிக் குழுக்களுக்கு

முத்தமிழ் விழா, தமிழ் மன்ற விழா, கல்லூரி நாள் என்று எந்தப் பெயரில் நடந்தாலும் நிகழ்ச்சி நிரலில் நாடகம் ஒன்று இருக்கும். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்த ஊர்க் கல்லூரிக்குப் போனாலும் உயிரைக் கொடுத்து நடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாடகங்களில் பல, ஐந்தாவது வரிசையைத் தாண்டிக் காதில் விழுவதே இல்லை. நடிப்பில் குறை இருப்பதால் அல்ல. இருட்டு அரங்கம், நல்ல மைக், அமைதியான கூட்டம் எல்லாம் இருப்பதாக நினைத்துப் பிரதி எழுதப்படுகிறது. கையில் கிடைப்பதோ ஜன்னல் வழியே வெயில் அடிக்கும் பகல்நேர ஹால், முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறிகள், இரண்டு கைமைக், மூன்றரை மணிப் பேருந்தைப் பிடிக்க எழுந்துபோகும் கூட்டம். இருக்கிற ஹாலுக்கு நாடகம் எழுதினால் பாதிச் சிக்கல் எழுத்திலேயே தீர்ந்துவிடும்.

எனவே பிரதியைத் தொடும் முன் ஹாலைப் போய்ப் பாருங்கள். மேடையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து, அதே அளவைக் கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை இடைவெளியில் பழகியவர்கள் 24 அடி மேடையில் ஏறினால் நடுவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் மேடையில் நின்று மைக் இல்லாமல் பேசட்டும். எல்லா விசிறியும் ஓடட்டும், இன்னொருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். தகர ஷீட் கூரையும் சிமெண்ட் சுவரும் உள்ள ஹால்களில் ஓசை எதிரொலித்துச் சொற்களின் கடைசி எழுத்துகளைத் தின்றுவிடும். அங்கே நீண்ட வாக்கியம் எழுதவே கூடாது. ஆறேழு சொற்களில் முடிகிற வசனம், பிறகு ஒரு மூச்சு இடைவெளி, அவ்வளவுதான். மேடைக்குப் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஹால்களில் இருக்காது. இடப்புறம் வெளியேறியவர் அடுத்த காட்சியில் வலப்புறமாக வரவேண்டும் என்று எழுதிவிட்டால், அவர் வெயிலில் கட்டடத்தைச் சுற்றி ஓடித்தான் வரவேண்டும்.

அடுத்தது நேரம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழா விதிகளில் ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம். மேடையில் 9 பேர், துணைக்கு 3 பேர். ஸ்கிட் எனப்படும் குறுநாடகத்துக்கு 10 நிமிடம், 6 பேர். மௌன நாடகத்துக்கு 5 நிமிடம், 6 பேர். நடத்துகிற கல்லூரி சொந்தமாக மாற்றம் செய்திருக்கலாம் என்பதால் அந்த ஆண்டின் விதித்தாளை வாங்கி, தமிழ் மன்றச் செயலாளர் மட்டும் அல்லாமல் குழுவே உட்கார்ந்து படிக்க வேண்டும். முப்பது நிமிட நாடகம் என்றால் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கும்போது 22 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நடை, திரும்பல், கைதட்டல், பொருளை எடுத்து வைப்பது என்று மேடை மீதி நேரத்தைத் தின்றுவிடும். பத்து நிமிட ஸ்கிட்டுக்கு வாசிப்பு 7 நிமிடம். வாசிப்பிலேயே 30 வந்துவிட்டால் ‘வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம்’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வெட்டுங்கள். முதலில் வெட்ட வேண்டியது தொடக்கத்தில் வரும் ‘வாடா மச்சான்’ அரட்டை. இரண்டாவது, முடிவில் நடுமேடையில் வந்து நின்று பேசும் அறிவுரை. இந்த இரண்டும் போனால் எந்த நாடகமும் கெட்டதில்லை.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது இருட்டில் காட்சி மாற்றுவது. பகல்நேர ஹாலில் இருட்டே வராது. விளக்கை அணைத்தாலும் மேசையை நகர்த்துவது கடைசி வரிசை வரை தெரியும், கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். அப்படிக் கலைந்த கூட்டத்தை மறுபடி நாடகத்துக்குள் இழுக்கச் சில நிமிடமாவது ஆகும். ஒரே இடத்தில் நடக்கிற கதையாக எழுதுங்கள். இல்லையென்றால் நம் மண்ணிலேயே இருக்கிற தீர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீர்வு தெருக்கூத்து. பழைய வட ஆற்காடு மாவட்டம் கூத்தின் தாய்நிலம். செய்யாறு பக்கத்துப் புரிசை இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை நவீன நாடகக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களில் இரவெல்லாம் நடக்கும் கூத்துக்கு வரைந்த பின்திரை கிடையாது, இருட்டடிப்பு கிடையாது, மூன்று பக்கமும் சனம், நடுவில் ஒரு பெஞ்சு. கல்லூரி ஹாலில் நமக்கு இருக்கிற அதே தொல்லைகள்தான். அவர்கள் சமாளிக்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு வர, அதன் பின்னால் வேஷக்காரர் நின்று பாடித் தன்னை அறிமுகம் செய்கிறார். இரண்டரை மீட்டர் துணியும் இரண்டு ஆளும் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். துணிக்குப் பின்னால் ஆளும் பொருளும் மாறிவிடும், கூட்டத்தின் கண் துணியை விட்டு நகராது.

கூத்தில் கேள்வி கேட்டுக் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனிடமிருந்து கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது. யார் வந்தது, எதற்கு வந்தது என்று அவன் கேட்டுக் கேட்டு வாங்குகிறான். முக்கியமான செய்தி எப்படியும் இரண்டு தடவை சனத்தின் காதில் விழும். பின்பாட்டுக்காரர்களும் அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள். ஒரு தடவை விசிறிச் சத்தத்தில் போனாலும் இரண்டாவது தடவை பிடித்துக்கொள்ளலாம். உங்கள் நாடகத்தில் கதை புரிய அவசியமான செய்திகள் நான்கைந்துதான் இருக்கும்: இவன் யார், இவள் அவனுக்கு என்ன உறவு, பணம் எங்கே போனது, இது எந்த வருஷம். அவற்றைச் சிவப்பு மையில் கோடிட்டு, ஒவ்வொன்றும் இரண்டு பேர் வாயில் வருகிறதா என்று சரிபாருங்கள். கூத்திலிருந்து வேஷத்தையும் அடவு எனும் ஆட்ட அசைவையும் மட்டும் எடுத்து அலங்காரமாக ஒட்டுகிற நாடகங்கள் நிறைய வருகின்றன. மூன்று நாள் பழக்கத்தில் கிறுக்கி எனும் சுழல் ஆட்டம் ஆடினால், ஊரில் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உடனே தெரியும். அடவு வேண்டுமென்றால் கூத்துக்காரரை அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, ஒரு மாதமாவது கற்க வேண்டும். அது முடியாதென்றால் அவர்கள் கதை சொல்லும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் நாடகப் போட்டி என்றால் 1806 ஜூலை 10, அதாவது வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சி, வராமல் போகாது. நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் கோட்டைக்குள் நடந்த சண்டையைத்தான் போடுகிறார்கள். அட்டைத் துப்பாக்கி, ஸ்பீக்கரில் வெடிச்சத்தம், பத்துப் பேர் விழுந்து சாவது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு சண்டை காட்ட முடியாது. உண்மையான நாடகம் அதற்கு முன்னால் இருக்கிறது. 1805 நவம்பரில் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு: நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும். 1806 மே மாதம் அதை எதிர்த்த சிப்பாய்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் சவுக்கடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். மேடை நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் அந்தத் தலைப்பாகை. ஒவ்வொரு சிப்பாயாக வந்து அதைப் பார்க்கிறான். இதற்கு ஒளி வேண்டாம், வெடி வேண்டாம், காட்சி மாற்றம் வேண்டாம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே அடக்கியதைக் கட்டியங்காரன் நான்கு வரியில் சொல்லிவிடலாம். எக்காரணம் கொண்டும் ஹாலுக்குள் பட்டாசு கூடாது.

பேச்சுமொழி பற்றி ஒரு வேண்டுகோள். ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’, ‘நாஷ்டா’ எல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் வீட்டு உருதுவும், ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கும் கலந்துவரும். இந்தப் பேச்சை வேலைக்காரனுக்கும் குடிகாரனுக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, நாயகனை மேடைத்தமிழ் பேசவைப்பது வழக்கமாகிவிட்டது. மாற்றுங்கள். நீதி கேட்கும் தாயும் வாத்தியாரும் அதே பேச்சில் பேசட்டும். கூட்டம் சிரிக்காது, உற்றுக் கேட்கும்.

மைக் விஷயத்தில் நிறைய நாடகங்கள் செத்திருக்கின்றன. கைமைக்கை ஒருவருக்கொருவர் மாற்றிப் பேசினால் அது நாடகம் அல்ல, பட்டிமன்றம். காலர் மைக் பெரும்பாலும் இரண்டோ நான்கோதான் கிடைக்கும். அதை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்த வேண்டும். பட்டுப் புடவையோ அங்கவஸ்திரமோ உரசினால் கரகரவென்று சத்தம் வரும். புது பேட்டரி நாடகத்துக்குச் சற்று முன் போட வேண்டும், காலையில் வரவேற்புரைக்குப் போட்டதை நம்பக் கூடாது. என் கருத்தில் மேடையின் முன்விளிம்பில் ஏழெட்டு அடி இடைவெளியில் மூன்று மைக்குகளைத் தாழ்வாக வைப்பதே எல்லாவற்றிலும் நல்லது. மரமேடையானால் ஒவ்வொன்றின் அடியிலும் மடித்த துண்டு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் காலடிதான் பெரிதாகக் கேட்கும். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் ஊளையிடும். இன்னொன்று: மைக்செட்காரர்கள் பாட்டுக்காக எக்கோவைத் திருகி வைத்திருப்பார்கள். நாடகம் தொடங்கும் முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எக்கோவோடு வருகிற தமிழ் வசனம் யாருக்கும் புரியாது.

பெண்கள் கல்லூரிகளில் ஆண் வேஷம் போடுகிறவர்கள் தொண்டையை அழுத்திக் கட்டைக்குரலில் பேசுகிறார்கள். அடுத்த நாள் குரல் போய்விடும், அன்றைக்கே பின்வரிசைக்கும் கேட்காது. சொந்தச் சுருதியிலேயே, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். தோளும் நடையும் மீதியைச் செய்துவிடும்.

ஒளி, ஒப்பனை பற்றிச் சுருக்கமாக. வாடகைக்கு எல்.ஈ.டி. பார் (PAR) விளக்கு நான்கு எடுத்தால் இரண்டை முன்பக்கம் இரு ஓரங்களிலிருந்து சாய்வாகவும், இரண்டைப் பின்னாலும் வையுங்கள். முகத்தில் நீலமும் பச்சையும் வேண்டாம், நம் மாநிறம் சாம்பலாகிவிடும். ஒப்பனைக்கு ஆளுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். ஒன்பது பேருக்கு இரண்டு பேர் ஒப்பனை போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மார்ச் மாத வேலூர் மதியத்தில் தடிமனான பேன்கேக் பூச்சு வழிந்து கழுத்துக்கு வந்துவிடும். முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்து, மெல்லியதாகப் பூசி, மேலே பவுடர் ஒற்றினால் நிற்கும். தாடி ஒட்டும் ஸ்பிரிட் கம்மை முந்தின நாளே முன்கையில் தடவிப் பார்க்க வேண்டும். சிலருக்கு அது எரிச்சல் தரும்.

ஒத்திகைக்குத்தான் நேரமே கிடைக்காது. பாதிப் பேர் ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் வருகிறவர்கள், மாலையில் யாரும் தங்க முடியாது. காலை 8.15 முதல் ஒரு மணி நேரம், மதிய இடைவேளையில் அரை மணி நேரம், இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வழி உண்டு. பாத்திரம் பிரிக்கும்போது யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். அரக்கோணம், வாலாஜா பக்கத்தவர்கள் ஒரு காட்சியில், ஆம்பூர், ஜோலார்பேட்டைப் பக்கத்தவர்கள் இன்னொன்றில் இருந்தால், ரயில் பெட்டியிலேயே வசனம் பாடமாகிவிடும். நான்கு வாரம் கணக்கு வைத்தால் முதல் வாரம் வாசிப்பும் வெட்டலும், இரண்டாவது வாரம் கையில் தாள் இல்லாமல் நடமாட்டம், மூன்றாவது வாரம் பொருள்களோடு. கடைசி வாரம் மூன்று முழு ஓட்டம், அதில் ஒன்றாவது அதே ஹாலில், விசிறி ஓட, முழு வேஷத்தோடு. இன்டர்னல் தேர்வு நடக்கிற வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வேஷத்துக்கும் வசனம் தெரிந்த மாற்று ஆள் ஒருவர் இருக்கட்டும். வகுப்புக்கு வராததற்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தையும் துறைத்தலைவர் பார்க்க வேண்டிய பிரதியையும் பத்து நாள் முன்னால் கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் ஒரு காட்சி வெட்டப்பட்டால் நாடகம் நொண்டும்.

நாடகத்தன்று மேடையோரப் பக்கத்தட்டியில் வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் பெரிய எழுத்தில் அச்சடித்த பிரதியோடு நிற்க வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. பொருள் மேசையில் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் வரைந்து, அதன்மேல் அதை வைத்தால் எது காணவில்லை என்று ஒரு பார்வையில் தெரியும். நடுவர் மணி அடித்ததும் நேரம் ஓட ஆரம்பிக்குமா, முதல் வசனத்திலிருந்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் வாடகை வேஷங்களை எண்ணிக் கட்டுங்கள். கிரீடத்தில் உதிர்ந்த மணிக்கும் காசு பிடிப்பார்கள். மேடையில் ஒட்டிய டேப்பை அன்றே உரித்துவிடுங்கள், பசை காய்ந்துவிட்டால் அடுத்த முறை ஹால் கேட்கும்போது இழுத்தடிப்பார்கள். வெட்டல், திருத்தம், நிற்கும் இடம் எல்லாம் குறித்த பிரதி ஒன்றைத் தமிழ்த் துறை அலமாரியில் தேதி போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் வருகிற குழு எந்தப் பக்கக் கதவு பூட்டியிருக்கும் என்பதை அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.